பிராண்ட் உத்தியால் மாறிய ஒரு முடிவையாவது காட்டுங்கள்

கேள்வி: மார்ச் 4

"எங்கள் வளர்ச்சிக்கு பிராண்ட்தான் வழிகாட்டி" என்று எல்லா நிறுவனத் தலைவர்களும் ஆண்டறிக்கையில் எழுதுகிறார்கள். நான் நிதிப் பிரிவில் வேலை பார்ப்பவன். எந்தப் பொருளைப் போடுவது, எந்தச் சந்தைக்குப் போவது என்பதையெல்லாம் கையில் இருக்கும் பணமும் காலாண்டு டார்கெட்டும்தான் முடிவு செய்கின்றன. முடிவான பிறகு மார்க்கெட்டிங் ஆட்கள் வந்து அதற்கு ஒரு பிராண்ட் கதை கட்டுவார்கள். பிராண்ட் உத்தியால் மாறிய ஒரே ஒரு முடிவையாவது யாராவது காட்ட முடியுமா? விளம்பரம் வேண்டாம். முடிவைக் காட்டுங்கள்.

மார்ச் 4, இரவு

என் பதில்: நீங்கள் சொன்னது பாதி சரி. ஆண்டறிக்கையில் வரும் அந்த வரி பெரும்பாலும் கதைதான்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. அந்த நிறுவனம் வர இருந்த பணத்தை வேண்டாம் என்று சொன்ன இடம் ஏதாவது உண்டா? பிராண்டைக் காரணம் காட்டி ஒரு ஆர்டரையோ, ஒரு பொருளையோ, ஒரு லைசென்ஸையோ திருப்பி அனுப்பியிருந்தால் அங்கே உத்தி இருக்கிறது. இல்லையென்றால் லோகோ இருக்கிறது, அவ்வளவுதான்.

உதாரணம் நாளைக்கு. தூக்கம் வருகிறது.

மார்ச் 5

ஒன்றோடொன்று கவ்வும் பிளாஸ்டிக் கட்டைப் பொம்மை செய்கிற லெகோவை எடுத்துக்கொள்வோம். 2000ஐ ஒட்டிய வருடங்களில் அந்த நிறுவனம் கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் கால் வைத்தது. தீம் பார்க், வீடியோ கேம், துணிமணி, கைக்கடிகாரம். 2002ல் கலிடார் என்று ஒரு தொலைக்காட்சித் தொடர், அதற்கென்று தனிப் பொம்மைகள். கட்டையை அடுக்கிக் கட்டும் வேலை அதில் பெரிதாக இல்லை. 2003, 2004 இரண்டு வருடமும் பலத்த நஷ்டம். 2004ல் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்தார். நிறுவனர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர்.

அவர் காலத்தில் நடந்தவற்றில் எனக்குப் பிடித்தது துண்டுகளின் கணக்கு. வடிவமைப்பாளர்கள் புது செட் யோசிக்கும்போதெல்லாம் புதுத் துண்டு கேட்பார்கள், கேட்டது கிடைக்கும். ஒவ்வொரு புது வடிவத்துக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு செய்ய ஏகப்பட்ட செலவு. அது ஒரே ஒரு செட்டுக்குப் பயன்பட்டுவிட்டுத் தூங்கும். இப்படியே துண்டு வகைகள் 13,000 பக்கம் போயிருந்தன. அதை 7,000 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். லெகோலேண்ட் பூங்காக்களின் பெரும்பங்கை 2005ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். கட்டையை விடவில்லை. 1958ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை, இன்று கடையில் வாங்கும் கட்டையோடு டக்கென்று பொருந்தும்.

மார்ச் 5, மதியம்

கேள்வி கேட்டவர் விடவில்லை. "திவாலாக இருந்தவன் செலவைக் குறைத்தான். இதில் பிராண்ட் எங்கே வந்தது?"

குறை என்று சொன்னது பணம். எதைக் குறைப்பது என்பதைப் பணம் சொல்லாது. அதே லெகோ செலவை மட்டும் பார்த்து எடுத்த முடிவும் உண்டு: 2006ல் உற்பத்தியின் பெரும்பகுதியை வெளி நிறுவனமான ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸிடம் கொடுத்தார்கள். 2008ல் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். கட்டை கட்டையோடு சரியாகக் கவ்வ வேண்டும் என்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. அதை அடுத்தவர் தொழிற்சாலையிலிருந்து நடத்துவது நினைத்ததைவிடச் சிக்கலாகப் போனது. இரண்டுமே ஒரே தலைவர் காலத்து முடிவுகள் என்பதுதான் சுவாரசியம்.

மார்ச் 6

சொந்தக் கதை ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஆய்வகங்களுக்கு எடைக் கருவி செய்யும் நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் பொருளை வைத்து, கதவை மூடி, காற்று அடங்கும்வரை காத்திருந்து எடை பார்ப்பார்களே, அந்த வகை. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே கடைசி இலக்கம் ஆடும். வாடிக்கையாளர்கள் எங்களிடம் காசு கொடுத்தது அந்தக் கடைசி இலக்கத்தை நம்பித்தான்.

ஒரு வருடம் விற்பனை தேங்கிப் போனது. தலைமை உட்கார்ந்து யோசித்து, சமையலறைத் தராசு போடலாம் என்று முடிவு செய்தது. வெளியில் யாரோ செய்ததை வாங்கி, எங்கள் பெயரை ஒட்டி விற்பது. முதலீடு கிடையாது, ஆள் சேர்க்க வேண்டாம், சரக்கும் வேகமாக நகரும். அதுவரை எங்கள் பெயர் தெரிந்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் மட்டும்தான், இனி வீடுதோறும் தெரியும் என்றார்கள். பிரசன்டேஷனில் அதற்கு "பிராண்டை விரிவாக்குதல்" என்று தலைப்பு. முதல் சில காலாண்டுகள் கோடு மேலே போனது. கூட்டத்தில் கைதட்டல்.

அப்புறம் ஒருநாள் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போனோம், நானும் சேல்ஸ் மேனேஜரும். பழைய கருவிகளை மாற்றிப் புதிது வாங்கப்போகிறார்கள், பெரிய ஆர்டர். கொள்முதல் அதிகாரி பேச்சுக்கு நடுவில் மேசை இழுப்பறையைத் திறந்து எங்கள் சமையலறைத் தராசை எடுத்து வைத்தார். வீட்டுக்கென்று வாங்கினாராம். பேனாவை அதன்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டியது. "இது உங்கள் பெயர்தானே?" என்றார்.

மேனேஜர், "அது வேறு டிவிஷன் சார்" என்றார்.

"அப்படியா? சரி, எனக்கும் அந்த டிவிஷன் விலையே போட்டுக் கொடுத்துவிடுங்கள்."

ஆர்டர் கிடைத்தது, வழக்கத்தைவிடப் பெரிய டிஸ்கவுண்டில். அந்த டிஸ்கவுண்ட் ஆய்வகப் பிரிவின் கணக்கில் விழுந்தது. தராசுப் பிரிவின் லாபம் அப்படியே அழகாக இருந்தது. நிதிப் பிரிவு நண்பரே, உங்களிடம் கேட்கிறேன்: தராசு செய்த சேதத்தைத் தராசின் கணக்கில் எழுத உங்கள் புத்தகத்தில் இடம் இருக்கிறதா? எங்கள் புத்தகத்தில் இல்லை. பிராண்டைப் பார்த்துக்கொள்கிற வேலை மேலிடத்துக்கு ஏன் போக வேண்டும் என்றால் இதனால்தான். லாபம் ஒரு மேனேஜரிடம் வருகிறது, செலவு இன்னொருவரிடம் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் தலைவர் ஒருவர்தான்.

மார்ச் 7

ஒருவர்: "லோகோவையும் கொஞ்சம் பேசுங்கள், பாவம்."

பேசலாம். துணிக்கடை நடத்தும் கேப் நிறுவனம் 2010ல் லோகோவை மாற்றி ஒரே வாரத்தில் பழையதற்கே திரும்பியது. ஆரஞ்சு ஜூஸ் விற்கும் டிராபிகானா 2009ல் பெட்டியின் முகத்தை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய அந்தப் பழைய படத்தைத் தூக்கிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தார்கள். கடையில் போய் நின்றவர்களுக்குத் தங்கள் பெட்டி எது என்றே தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீத அளவுக்குச் சரிந்து, பழைய பெட்டி திரும்பி வந்தது. ஆக, முகமும் முக்கியம்தான். முகத்தை மாற்றினால் வளர்ச்சி வரும் என்ற நம்பிக்கையில்தான் எனக்குச் சந்தேகம்.

மார்ச் 7, இரவு

பெயர் மாற்றத்தை விட்டுவிட்டேனே. ஆண்டர்சன் கன்சல்டிங் 2001 ஜனவரி 1 அன்று ஆக்சென்சர் ஆனதைப் பெரிய தொலைநோக்கு என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். கணக்குத் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனிடமிருந்து பிரிவதற்கான நடுவர் தீர்ப்பில் அந்தப் பெயரை விட்டுவிட வேண்டியதாயிற்று, அதனால் மாற்றினார்கள். அதே வருடக் கடைசியில் ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை செய்த என்ரான் நிறுவனம் கணக்கு மோசடியில் விழுந்தது, 2002ல் ஆர்தர் ஆண்டர்சனும் சேர்ந்து சாய்ந்தது. பழைய பெயரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை உத்தி என்று சொல்ல மனம் வரவில்லை, ஜாதகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மார்ச் 9

நிதிப் பிரிவுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்: "சரி, வேண்டாம் என்று சொல்வதைக் காட்டிவிட்டீர்கள். வளர்ந்ததைக் காட்டுங்கள்."

டொயோட்டா. விலை உயர்ந்த கார் சந்தைக்குள் போக வேண்டும், கையில் பணமும் இருக்கிறது, பொறியாளர்களும் இருக்கிறார்கள். காரைச் செய்வது அவர்களால் முடியாத காரியமில்லை. அதை எந்தப் பெயரில் விற்பது என்பதுதான் கேள்வி. டொயோட்டா என்றால் தொந்தரவு தராத, நியாய விலைக் கார் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பதிவே இங்கே தடை. 1989ல் லெக்சஸ் என்று புதுப் பெயர், தனி டீலர்கள். இது பெரிய செலவு பிடிக்கிற முடிவு. நிதிப் பிரிவு மட்டும் உட்கார்ந்து எடுத்திருந்தால் இருக்கிற ஷோரூமிலேயே ஒரு மூலையில் நிறுத்தியிருப்பார்கள்.

இதில் நெருக்கத்தில் பார்க்க வேண்டியது முதல் வருடமே வந்த ரீகால். வண்டி சந்தைக்கு வந்த சில மாதத்திலேயே பிரேக் விளக்கு போன்ற சில குறைகளுக்காக அமெரிக்காவில் விற்ற சுமார் 8,000 எல்எஸ் 400 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. புதுப் பெயருக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. டீலர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, மாற்று வண்டி கொடுத்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பெயரை எப்படி நடத்துவது என்பது மேலிடத்தில் முன்பே முடிவாகியிருந்ததால்தான் கீழே இருந்தவர்கள் செலவுக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஃபோக்ஸ்வாகன் தன் பெயரிலேயே விட்ட விலை உயர்ந்த கார், ஃபைட்டன். 2002ல் வந்தது. டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் போட்ட தொழிற்சாலை கட்டி அதில் செய்தார்கள். கார் நன்றாக இருந்தது என்று ஓட்டியவர்கள் எல்லாரும் எழுதினார்கள். ஆனால் ஃபோக்ஸ்வாகன் என்றாலே ஜெர்மன் மொழியில் மக்கள் கார், முகப்பில் அந்தச் சின்னம். எதிர்பார்த்த அளவு விற்கவே இல்லை, அமெரிக்காவில் 2006லேயே நிறுத்தினார்கள், 2016ல் உற்பத்தியும் நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதே அடித்தளத்தில் கட்டிய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி இன்னும் அதிக விலையில் நன்றாக விற்றது. அடித்தளம் ஒன்றுதான், உரிமையாளரும் ஒருவர்தான்.

மார்ச் 10

"அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர் வைத்துவிடலாமே?"

ஒவ்வொரு பெயருக்கும் தீனி போட வேண்டும். விளம்பரம், பேக்கிங், டீலர், சட்டப் பதிவு, அதற்கென்று ஒரு மேனேஜர், அந்த மேனேஜருக்கு ஒரு உதவியாளர். யூனிலீவரிடம் ஒரு கட்டத்தில் 1,600 பிராண்டுகள் இருந்தன. 2000ல் அதை 400ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் 2014ல் நூறு பிராண்டுகள் வரை கழித்துக்கட்டுவதாகச் சொன்னது. இரண்டுமே பெயர்களை வளர்த்தே பெரிதான நிறுவனங்கள்.

மார்ச் 10, சற்று பின்னர்

மேலே எழுதியதை அனுப்பிவிட்டு யோசித்தேன். யூனிலீவர் கதை என் பக்க வாதத்துக்கு முழுசாக ஒத்துழைக்காது. பிராண்டுகளைக் குறைத்தார்கள், செலவு மிச்சமானது. ஆனால் வருடத்துக்கு 5 முதல் 6 சதவீதம் விற்பனை வளரும் என்று சொன்ன இலக்கு எட்டவில்லை, 2004ல் எதிர்பார்த்த லாபம் வராது என்று எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. களை எடுத்தால் பயிருக்கு இடம் கிடைக்கும். பயிர் தானாக வளராது. இது என் முதல் குறிப்பில் சொன்ன சோதனைக்கும் பொருந்தும்: மறுப்பது உத்தி இருப்பதற்கு அடையாளம். வளர்ச்சிக்கு வேறொன்றும் வேண்டும். அந்த வேறொன்று என்ன என்று இப்போதைக்கு என்னால் ஒரு வரியில் சொல்ல முடியாது.

மார்ச் 12

ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், கொஞ்சம் நீளும்.

அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஹோவர்டு ஷுல்ட்ஸ் 2007 பிப்ரவரி 14 அன்று நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கு ஒரு உள் குறிப்பு எழுதினார். அப்போது அவர் அன்றாட நிர்வாகத்தில் இல்லை, போர்டு தலைவர். குறிப்பு வெளியே கசிந்துவிட்டது. பத்து வருடத்தில் ஆயிரத்துக்கும் குறைவான கடைகளிலிருந்து 13,000 கடைகளுக்கு வளர்ந்ததில் நாம் எடுத்த முடிவுகள் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தன, சேர்த்துப் பார்த்தால் அனுபவத்தை நீர்த்துப்போக வைத்துவிட்டன என்பது அதன் சாரம்.

அவர் கொடுத்த உதாரணங்களைப் பாருங்கள். தானியங்கி எஸ்பிரசோ இயந்திரம் கொண்டுவந்தார்கள், வேகம் கூடியது. ஆனால் இயந்திரம் உயரம். காபி போடுகிறவரின் கைவேலையை வாடிக்கையாளர் பார்க்க முடியாமல் மறைத்தது. வறுத்த காபியைக் காற்றுப் புகாத பையில் அடைத்து அனுப்பினார்கள், கெடாமல் இருந்தது. ஆனால் கடையில் கொட்டையை அள்ளி அரைக்கும் சத்தமும் மணமும் போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது, ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ கையெழுத்துப் போட்டு அனுமதித்திருப்பார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், நானும்தான்.

2008 ஜனவரியில் மறுபடி தலைமைப் பொறுப்பை எடுத்தார். பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவில் 7,100 கடைகளை மாலை நேரத்தில் சுமார் மூன்று மணி நேரம் மூடி, எஸ்பிரசோ போடும் பயிற்சி நடத்தினார்கள். சூடான காலை சாண்ட்விச்சையும் நிறுத்தச் சொன்னார், உருகும் சீஸ் வாசனை காபி வாசனையை அடித்துப் போட்டுவிடுகிறது என்று. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொருள் அது. என் சோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மார்ச் 12, இரவு

ஒருவர் நினைவூட்டினார்: சாண்ட்விச் திரும்பி வந்துவிட்டது. ஆமாம். சீஸ் உருகி வழியாதபடி செய்முறையை மாற்றி, குறைந்த சூட்டில் சுடவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதுவும் பிடிக்கிறது. மறுப்பு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை, காரணம் தீர்ந்தால் மறுப்பும் தீரும்.

அதே வருடம் அமெரிக்காவில் 600 கடைகளை மூடுவதாக அறிவித்ததையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை.

மார்ச் 13

எதிர்த்தரப்பு உதாரணத்தை நானே தருகிறேன். ஜேசி பென்னி, அமெரிக்காவில் துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்கும் கடைச் சங்கிலி. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் தலைமைக்கு வந்தார். கூப்பன், தள்ளுபடி எல்லாம் பிராண்டைக் கெடுக்கின்றன, இனி நேர்மையான ஒரே விலை என்றார். தத்துவமாகக் கேட்டால் சரி. 2012ல் விற்பனை சுமார் 25 சதவீதம் விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார்.

அவரும் பிராண்டின் பெயரால்தான் வேண்டாம் என்றார், வேண்டாம் என்றதும் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் கடைக்கு வந்தவர்களுக்குக் கூப்பனை வெட்டி எடுத்து வைத்து, கல்லாவில் நீட்டி, இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று பார்ப்பதில்தான் சந்தோஷமே இருந்தது. அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது எது என்று பார்க்காமல், அவர்கள் எதை வாங்க வேண்டும் என்று தலைமை முடிவு செய்துவிட்டது. சின்ன அளவில் சில கடைகளில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

பிராண்ட் தலைவரின் மனதில் இருக்கிறதா, வாடிக்கையாளரின் பழக்கத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் பழக்கத்தில்தான் என்பேன்.

மார்ச் 13, பிற்பகல்

விலையைத் தொட்டதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை. மலிவு விலை சிகரெட்டுகளோடு போட்டியிட பிலிப் மோரிஸ் மார்ல்பரோ விலையை 20 சதவீத அளவுக்குக் குறைத்தது. நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. மற்ற பெரிய பிராண்ட் நிறுவனங்களின் பங்குகளும் கூடவே விழுந்தன. பிராண்டுகளின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். மார்ல்பரோ இழந்த சந்தைப் பங்கைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்காதீர்கள், எனக்குப் புகையும் பிடிக்காது.

மார்ச் 15

லைசென்ஸ். முதல் நாளிலேயே அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

பெயரை வாடகைக்கு விடுவது வளர்ச்சியிலேயே மிகச் சுலபமானது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்து உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு ராயல்டி அனுப்புவார்கள். பியர் கார்டின் பெயரில் இப்படி 800க்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் இருந்தன என்பார்கள். உடையில் தொடங்கிய பெயர் எதிலெல்லாம் ஏறியது என்று பட்டியல் போட ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

பிரிட்டனின் உடை நிறுவனமான பர்பரியும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போனது. அந்தக் கட்டம்போட்ட டிசைன் தொப்பியிலிருந்து நாய்க்குட்டி உடுப்பு வரை வந்துவிட்டது. 2006ல் தலைமைக்கு வந்த ஏஞ்சலா ஆரண்ட்ஸ் பின்னாளில் எழுதியது இது: முதல் முறையாக உலகெங்கும் இருந்து மூத்த நிர்வாகிகள் கூடியபோது, மழையும் குளிருமான அந்த நாளில், ஒருவர் கூட பர்பரி மழைக்கோட்டு அணிந்து வரவில்லை. கம்பெனியின் அடையாளமே அந்தக் கோட்டு. ஊழியர்களுக்குச் சலுகை விலையும் உண்டு. அப்படியும் யாரும் வாங்கவில்லை.

இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். எங்கள் எடைக்கருவி நிறுவனத்தில் யாரும் வீட்டில் எங்கள் சமையலறைத் தராசை வைத்திருக்கவில்லை. வருடக் கடைசியில் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தார்கள். பாதிப்பேர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆரண்ட்ஸ் 23 லைசென்ஸ்களைத் திரும்ப வாங்கினார். கட்டம்போட்ட டிசைனை பத்தில் ஒன்றுக்கும் குறைவான பொருள்களில் மட்டும் தெரியும்படி அடக்கினார். கோட்டை மறுபடி நடுவில் வைத்தார். 2014ல் அவர் விலகும்போது வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. மார்ச் 9ல் கேட்ட "வளர்ந்ததைக் காட்டுங்கள்" என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

"பர்பரிதானே விற்காத சரக்கை எரித்தது?"

ஆமாம். ஒரே வருடத்தில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாக 2018ல் அவர்களே ஆண்டறிக்கையில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வருடம் செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். பெயரின் மதிப்பைக் காப்பாற்றுகிறேன் என்ற வாதத்தை இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் தீப்பெட்டி வரைக்கும் போகும். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

மார்ச் 18

பிராண்டுக்கு யார் பொறுப்பு என்ற சண்டை இங்கே மூன்று நாளாக ஓடுகிறது. பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். பிராக்டர் அண்ட் கேம்பிளில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு எல்லா கவனத்தையும் தின்றுகொண்டிருந்தது. 1931 மே 13 அன்று மூன்று பக்க மெமோ ஒன்று எழுதினார்: ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் வேண்டும், விற்பனை எங்கே குறைகிறது என்று அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், காரணம் கண்டுபிடிக்க வேண்டும், திட்டம் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் மெமோ எழுதக்கூடாது என்பது அந்தக் கம்பெனி வழக்கம். மீறி எழுதியும் பிழைத்தார், பின்னால் கம்பெனிக்கே தலைவரானார், 1957ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர்.

அந்த மெமோவில் விளம்பர வாசகங்களைவிடக் கடை கடையாகப் போகிற வேலைதான் அதிகம். அதன் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற இன்றைய பிராண்ட் மேனேஜர்களில் எத்தனை பேர் சரக்கு அடுக்கியிருக்கும் அலமாரிக்கு முன்னால் போய் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அவர்கள் நின்றது பிரசன்டேஷன் திரைக்கு முன்னால்.

மார்ச் 20

நிதிப் பிரிவுக்காரர் ஃபியூஜிஃபிலிமைத் தூக்கிப் போட்டிருக்கிறார். "கேமரா ஃபிலிம் தேவை 2000ல் உச்சம் தொட்டு அப்புறம் மளமளவென்று சரிந்தது. ஃபியூஜி அழகுசாதனம், மருந்து, திரைகளுக்கான படலம் என்று போய்ப் பிழைத்தது. அதே ஃபிலிம் தொழிலில் இருந்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. கோடாக் பெயர் சின்னப் பெயரா? உங்கள் பிராண்ட் உத்தி இதில் எங்கே?"

இது கனமான அடி. ஃபியூஜியைக் காப்பாற்றியது ஆய்வுக்கூடம். சருமத்தில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஃபிலிமிலும் இருக்கிறது, படம் மங்காமல் இருக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேதியியல் தெரியும், அதையே சருமத்துக்குத் திருப்பினார்கள். அப்போதைய ஃபியூஜி தலைவர் ஷிகெடாகா கோமோரி கேட்ட கேள்வி "நம் பெயர் எதற்கு நிற்கிறது" என்பதைவிட "நமக்கு என்ன தெரியும்" என்பதற்கு நெருக்கமாக இருந்தது. பிராண்ட் அங்கே பின்னால்தான் வந்தது. அழகுசாதனத்துக்கு அஸ்டாலிஃப்ட் என்று வேறு பெயர் வைத்ததோடு அதன் வேலை முடிந்தது. காலடியில் நிலமே போகும்போது பிராண்ட் திசை காட்டாது, திறமைதான் காட்டும். இந்தப் புள்ளி உங்களுக்கே.

மார்ச் 20, இரவு

முழுசாகக் கொடுத்துவிட மனசு வரவில்லை. வோல்வோ இருக்கிறது. 1959ல் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனை சீட் பெல்ட்டுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டு, மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று திறந்து விட்டார்கள். ராயல்டியாக வந்திருக்கக்கூடிய பணம் எவ்வளவோ. "பாதுகாப்பு" என்ற சொல் அந்தக் கம்பெனியின் மேல் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைக்கு இதை யாராவது பிராண்ட் உத்தி என்று அழைத்திருப்பார்களா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 24

முப்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி நடத்துபவர் ஒருவர்: "டொயோட்டா, பர்பரி எல்லாம் சரி. எனக்கு என்ன?"

நான் இப்போது இருக்கும் இடம் உங்கள் அளவுதான். எடைக் கருவிகளைச் சோதித்து, சரியாகக் காட்டுகின்றன என்று சான்று கொடுக்கிற வேலை. தலைவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார், லோகோ கூட இல்லாத வெறும் தாள். அதில் நாங்கள் செய்ய மாட்டாத வேலைகள் இருக்கின்றன. முதல் வரி: கருவி விற்க மாட்டோம், விற்பவரிடம் கமிஷன் வாங்க மாட்டோம். சோதிக்கிறவனே விற்கவும் செய்தால் சான்றிதழை யார் நம்புவார்கள்?

சொல்லச் சுலபம். கருவி செய்கிற நிறுவனங்கள் மாறி மாறி வந்து, "நீங்கள் சிபாரிசு செய்தால் போதும்" என்கின்றன. எங்கள் சேல்ஸ் ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் முகம் வாடிவிடும். மாத டார்கெட்டைக் கமிஷனிலேயே முடித்துவிடலாம் அல்லவா. தலைவர் செய்த புத்திசாலித்தனம், அந்தத் தாளுக்கேற்ப அவருடைய டார்கெட்டையும் மாற்றியது. புது வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் குறைத்து, பழைய வாடிக்கையாளர் திரும்ப வருவதற்கு மதிப்பெண்ணைக் கூட்டினார். டார்கெட்டை அப்படியே விட்டுவிட்டுத் தாளை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தால் ஆறு மாதத்தில் அது காலண்டருக்குப் பின்னால் போயிருக்கும்.

தாளில் இருந்த "ஆய்வகங்களுக்கு மட்டும்" என்ற வரியைப் போன வருடம் அடித்துவிட்டோம். தொழிற்சாலைகள் வந்து கேட்டன, வேலையும் அதே வேலை, சான்றிதழின் பெயருக்கும் பங்கமில்லை. வளர்ச்சியின் பெரும்பகுதி இப்போது அங்கிருந்துதான் வருகிறது. மார்ச் 10ல் "வேறொன்று" என்று மழுப்பினேனே, எங்கள் அளவில் அது இதுதான்: ஏற்கெனவே நம்புகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தது.

மார்ச் 25

"அந்தத் தாளில் அடுத்து எது அடிபடும்?" என்று கேட்டிருக்கிறார் அவரே.

மென்பொருள். வாடிக்கையாளர்கள் தங்கள் கருவிகளின் சோதனைத் தேதி, முடிவுகளையெல்லாம் வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்து மாதச் சந்தாவுக்கு விற்கலாம் என்று எங்கள் இளவட்டங்கள் கேட்கிறார்கள். அது விற்பனையா, சேவையா என்று தகராறு. அடுத்த மாதக் கூட்டத்தில் வருகிறது. நான் எதிர்க்கட்சி, ஏனென்றால் நாங்களே சோதித்த முடிவு எங்கள் மென்பொருளிலேயே தூங்கினால் தணிக்கைக்கு வருகிறவர் புருவத்தை உயர்த்துவார். இளவட்டங்கள் இரண்டு வாடிக்கையாளர்களிடம் பேசி அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். தலைவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை. நிதிப் பிரிவுக்காரரே, உங்கள் பக்கம் யாராவது கணக்குப் போட்டுத் தந்தால் எடுத்துக்கொண்டு போகிறேன்.